டி.எஸ்.எச். நார்மல் சரி, கால்சியம் பார்த்தாங்களா?

"தைராய்டு இருக்குல்ல, அப்படித்தான் இருக்கும்."

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் எந்த கிளினிக்ல டோக்கன் வாங்கிட்டு உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதுல விழும். அசதியா? தைராய்டு. முடி கொட்டுதா? தைராய்டு. மலச்சிக்கல், உடம்பு வலி, மறதி, காரணமே இல்லாத அழுகை, சட்டுனு வர்ற கோபம், எல்லாத்துக்கும் இதே பதில்தான். இந்தப் பதில் மேல எனக்கு ரொம்ப நாளா கோபம். பதில் பொய்ன்னு சொல்ல வரல, பல பேருக்கு அது உண்மைதான். ஆனா மாத்திரையை ஒழுங்கா போட்டு, டி.எஸ்.எச். அளவும் சரியா வந்த பிறகும் அசதி போகலைன்னா, அப்பவும் அதையே சொன்னா எப்படி? விசாரிக்கறதை நிறுத்திட்டோம்னுதான் அதுக்கு அர்த்தம். அந்த இடத்துல கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, கால்சியம் எவ்வளவு? இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

தைராய்டு மந்தம் நம்ம ஊர்ல எவ்வளவு பேருக்கு இருக்குன்னு ஒரு கணக்கு இருக்கு. சென்னை உட்பட எட்டு நகரங்கள்ல 5,376 பேரைச் சோதிச்சு 2013-ல வெளியான ஆய்வு. அதுல 10.95 சதவீதம் பேருக்கு ஹைப்போதைராய்டு இருந்துச்சு. மொத்தத்துல 3.47 சதவீதம் பேருக்கு அந்த ஆய்வுலதான் முதல் தடவையா விஷயமே தெரிஞ்சது. ஆக, தைராய்டு மந்தம் பத்துல ஒருத்தருக்கு மேல. இந்தக் கணக்கைக் காட்டித்தான் "எல்லாம் தைராய்டு"ன்னு சொல்றாங்க. நான் இதே கணக்கை வேற மாதிரி படிக்கிறேன். பத்துல ஒருத்தருக்கு தைராய்டு இருக்குன்னா, ஊர்ல வர்ற மத்த வியாதிகளும் குறைஞ்சது பத்துல ஒரு தடவை தைராய்டு இருக்கறவங்களுக்குத்தானே வரும்? தைராய்டு எவ்வளவுக்கு எவ்வளவு சகஜமோ, அது பின்னாடி வேற ஒரு வியாதி மறைஞ்சு நிக்கறதும் அவ்வளவு சுலபம். அப்படி மறைஞ்சு நிக்கறதுக்கு ரொம்ப வசதியான இடத்துல இருக்கறது பாராதைராய்டு.

தைராய்டோட முதுகுப் பக்கம் ஒட்டிக்கிட்டு, அரிசி மணி அளவுல நாலு சுரப்பி இருக்கு (சிலருக்கு அஞ்சாவதும் உண்டு). 1880-ல ஸ்வீடன்ல உப்சாலாவுல படிச்ச இவார் சாண்ட்ஸ்ட்ரோம்ங்கற மருத்துவ மாணவர்தான் மனுஷ உடம்புல இதைக் கண்டுபிடிச்சு எழுதினார். அதுக்கும் முப்பது வருஷம் முன்னாடி, லண்டன் மிருகக்காட்சி சாலையில செத்துப்போன ஒரு இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்த ரிச்சர்ட் ஓவன், தைராய்டு பக்கத்துல ஒரு சின்ன மஞ்சள் உருண்டை இருக்கறதைக் குறிச்சு வெச்சார். இந்தச் சுரப்பி முதல்ல கண்ணுல பட்டதே நம்ம நாட்டுக் காண்டாமிருகத்தோட கழுத்துலதான்!

பக்கத்துப் பக்கத்துல இருந்தாலும் ரெண்டோட வேலையும் வேற வேற. தைராய்டு உடம்பு எந்த வேகத்துல ஓடணும்னு பார்க்குது. பாராதைராய்டு ரத்தத்துல கால்சியம் குறையாமப் பார்க்குது, அவ்வளவுதான். கால்சியம் கொஞ்சம் இறங்கினாலும் பி.டி.எச். ஹார்மோனைச் சுரக்கும். அது எலும்புல இருந்து கால்சியத்தை இழுக்கும், சிறுநீர்ல வீணாப் போறதைத் தடுக்கும், சிறுநீரகத்துல வைட்டமின் டி-யை வேலைக்குத் தயாராக்கி குடல் வழியாவும் கூடுதலா உறிஞ்ச வைக்கும். நாலு சுரப்பியில ஏதோ ஒண்ணுல சின்னக் கட்டி வந்து (பெரும்பாலும் ஒண்ணுலதான் வரும், புற்றுநோயா இருக்கறது ரொம்ப அபூர்வம்) அது பாட்டுக்கு சுரந்துக்கிட்டே இருந்தா, எலும்பு கரையும், ரத்தத்துல கால்சியம் ஏறும், சிறுநீரகத்துல கல் சேரும்.

இப்ப அறிகுறிகளைப் பாருங்க. கால்சியம் ஏறினா அசதி, மலச்சிக்கல், உடம்பு வலி, தசையில பலவீனம், மனச்சோர்வு, மறதி. தைராய்டு மந்தத்துக்கும் அதே அசதி, அதே மலச்சிக்கல், அதே மனச்சோர்வு. வர்ற ஆட்களும் கிட்டத்தட்ட ஒரே ஆட்கள்தான். ரெண்டுமே பெண்களுக்குத்தான் அதிகம். மாதவிடாய் நிக்கற வயசுல ரெண்டும் சேர்ந்து வந்தா, "இந்த வயசுல இப்படித்தான் இருக்கும்"ங்கற மூணாவது சமாதானமும் வந்து சேர்ந்துக்கும். கூடுதலா சிலது கால்சியத்தைக் காட்டிக் கொடுக்கும்: அடிக்கடி சிறுநீர், அடங்காத தாகம், திரும்பத் திரும்ப கிட்னியில கல், சின்னதா விழுந்ததுக்கே எலும்பு முறிவு. தாகமும் சிறுநீரும்னதும் சுகர் டெஸ்ட் பண்றாங்க, நல்லதுதான். சுகர் இல்லைன்னு வந்ததும் அதோட விட்டுடறாங்க. நான் சொல்ற ஓட்டை அங்கதான் இருக்கு.

"வருஷா வருஷம் தைராய்டு டெஸ்ட் எடுக்கறேனே, அதுல தெரியாதா?" தெரியாது. தைராய்டு புரொஃபைல்னு வர்ற தாள்ல டி3, டி4, டி.எஸ்.எச். மட்டும்தான் இருக்கும். அது மூணும் கச்சிதமா இருக்கும்போதே கால்சியம் 12-ல நிக்கலாம். அதே நேரம், பல பேர் வீட்ல அலமாரியில கிடக்கற மாஸ்டர் ஹெல்த் செக்கப் ஃபைல்ல கால்சியம் ஏற்கெனவே அச்சாகித்தான் இருக்கும். கொலஸ்ட்ராலையும் சுகரையும் பார்த்துட்டு மூடி வெச்ச ஃபைல். புதுசா டெஸ்ட் எடுக்கறதுக்கு முன்னாடி அந்தப் பழைய தாள்களை வரிசையா எடுத்து, கால்சியம்னு இருக்கற வரியை மட்டும் பாருங்க. நாலு வருஷத்துல 9.6, 10.1, 10.5, 10.8னு ஏறிக்கிட்டே வந்திருந்தா, கடைசித் தாள்ல லேப் போட்ட குறியை விட அந்த வரிசைதான் முக்கியம்.

தாளைப் படிக்கறதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. பொதுவா கால்சியம் 8.5-ல இருந்து 10.5 மில்லிகிராம் வரைக்கும் சரின்னு போட்டிருப்பாங்க, பி.டி.எச். 15-ல இருந்து 65 பிகோகிராம் வரைக்கும் (லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும்). ஒருத்தருக்கு கால்சியம் 11.2, பி.டி.எச். 58னு வருதுன்னு வைங்க. கால்சியத்துக்குப் பக்கத்துல மட்டும் குறி இருக்கும், பி.டி.எச். சுத்தமா நார்மல். "லேசா கால்சியம் ஏறியிருக்கு, பாராதைராய்டு நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லத் தோணும். ஆனா அப்படி இல்ல. கால்சியம் 11-ஐத் தாண்டினா, நல்லா வேலை செய்யற பாராதைராய்டு வாயை மூடிக்கணும், பி.டி.எச். தரையைத் தொட்டிருக்கணும். அந்த நேரத்துல 58ங்கறது நார்மல் எண் ஆனாலும் நார்மல் நடத்தை இல்ல. தனித்தனியாப் படிச்சா தப்பிச்சுப் போற நோய், ரெண்டையும் ஒரே நாள் ரத்தத்துல சேர்த்துப் படிச்சா மாட்டும். தைராய்டுக்காரங்களுக்கு இதுல இன்னொரு குழப்பமும் வரும். டி.எஸ்.எச். ஏறினா சுரப்பி மந்தம்னு பழகிட்டோம், ஏன்னா அது தைராய்டை விரட்ட மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி அனுப்பற ஹார்மோன். பி.டி.எச். அப்படி இல்ல, பாராதைராய்டே நேரடியா சுரக்கறது. அது ஏறினா சுரப்பி மந்தம் இல்ல, அதிகமா வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

அல்புமினையும் சேர்த்துப் பார்க்கணும். ரத்தத்துல இருக்கற கால்சியத்துல பாதி கிட்டத்தட்ட புரதத்தோட ஒட்டிக்கிட்டுத்தான் சுத்துது. அல்புமின் 4-க்குக் கீழ குறையற ஒவ்வொரு புள்ளிக்கும் கால்சியத்தோட 0.8 கூட்டிப் பார்ப்பாங்க. கால்சியம் 10.2, அல்புமின் 3ன்னா, கணக்குப்படி 11. தாள்ல நார்மல்னு இருந்தது நார்மல் இல்ல. கையில பட்டையை ரொம்ப நேரம் இறுக்கிக் கட்டி ரத்தம் எடுத்தா கால்சியம் பொய்யா ஏறிக் காட்டவும் செய்யும். அதனால ஒரு தடவை ஏறினதை வெச்சு பயப்படவும் வேண்டாம், அலட்சியமா விடவும் வேண்டாம், இன்னொரு தடவை எடுங்க. முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை போடறவங்க (தைராய்டு இருக்கறவங்கள்ல இது ரொம்ப சகஜம்) டெஸ்ட் எடுக்கறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லி நிறுத்திடணும். அதிக அளவு பயோட்டின் இருந்தா, சில மெஷின்கள்ல டி.எஸ்.எச்.சும் பி.டி.எச்.சும் உண்மையை விடக் குறைவா காட்டும். அமெரிக்காவோட எஃப்.டி.ஏ. 2017-ல இதுக்காகவே எச்சரிக்கை விட்டுச்சு.

"அபூர்வ வியாதிக்கு எதுக்கு எல்லாரையும் பயமுறுத்தறீங்க?"ன்னு கேப்பாங்க. நியாயமான கேள்விதான். ஆனா அபூர்வம்னு எப்படித் தெரிஞ்சது? அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர்லயும் இது அபூர்வமாத்தான் இருந்துச்சு. 1974-ல வழக்கமான ரத்தப் பரிசோதனையில கால்சியத்தையும் சேர்த்தாங்க, பதிவான நோயாளிகள் எண்ணிக்கை உடனே பல மடங்கு ஏறிடுச்சு. நோய் புதுசா வரல, பார்க்க ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு அங்க இந்த நோய் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இல்லாத கட்டத்துலயே கண்ணுல படுது. நம்ம நாட்டு ஆஸ்பத்திரிகள் எழுதியிருக்கற கட்டுரைகள்ல கதையே வேற. எலும்பு உடைஞ்சு, கல் சேர்ந்து, தசை தளர்ந்து, அதுவும் மேல்நாட்டுக்காரங்களை விட இளம் வயசுல வர்றாங்க. அபூர்வமா இருக்கறதுனால பார்க்காம விட்டோமா, பார்க்காம விட்டதுனால அபூர்வமாத் தெரியுதா? எனக்கு ரெண்டாவதுதான் பெரும்பகுதி உண்மைன்னு தோணுது. அப்பவும் எல்லாரையும் சோதிக்கச் சொல்லல. டி.எஸ்.எச். சரியா இருந்தும் உடம்பு சரியாகாதவங்க, கல் திரும்ப வர்றவங்க, எலும்பு வலுவிழந்தவங்க, தைராய்டு ஆபரேஷன் ஆனவங்க. இவங்க கேட்டா போதும். கால்சியம் விலை குறைஞ்ச சாதாரண டெஸ்ட். அது சரியில்லைன்னாதான் பி.டி.எச். வரைக்கும் போகணும்.

கொஞ்சம் விஷயம் தெரிஞ்சவங்க இன்னொண்ணு சொல்வாங்க. "வைட்டமின் டி குறைஞ்சாலே பி.டி.எச். ஏறும், நம்ம ஊர்ல யாருக்குத்தான் வைட்டமின் டி சரியா இருக்கு?" உண்மை. வெயிலுக்குக் குறைவில்லாத சென்னையிலயே வைட்டமின் டி குறைவு ரொம்ப சகஜம். அதனால பி.டி.எச். மட்டும் ஏறி கால்சியம் சரியாவோ குறைவாவோ இருந்தா, முதல்ல வைட்டமின் டி-யையும், சிறுநீரகம் எப்படி இருக்குன்னு காட்டற கிரியேட்டினினையும்தான் பார்க்கணும். உடனே கட்டின்னு முடிவு கட்டக் கூடாது. ஆனா இதே வாதம் எதிர்ப்பக்கமும் வெட்டும். வைட்டமின் டி ரொம்பக் குறைவா இருக்கறவங்களுக்குக் கட்டி இருந்தாலும் கால்சியம் பெருசா ஏறாம அடங்கிக் கிடக்கும். வைட்டமின் டி-யைச் சரி பண்ணினதும் ஏறி நிக்கும். கடையில வைட்டமின் டி சாஷே வாங்கி வாராவாரம் போட்டுட்டு, திரும்பக் கால்சியம் பார்க்காம விடறது அதனாலதான் தப்பு.

1925-ல வியன்னாவுல ஃபெலிக்ஸ் மாண்டல்னு ஒரு சர்ஜன், பாராதைராய்டு காரணமா விளைவாங்கற இதே குழப்பத்தைத் தாண்டி வந்தார். எலும்பு கரைஞ்சு நடக்க முடியாமப் போன ஒரு ட்ராம் கண்டக்டருக்கு, எலும்பு நோயைச் சமாளிக்கத்தான் பாராதைராய்டு பெருக்குதுன்னு அந்தக் காலத்து நம்பிக்கைப்படி, முதல்ல பாராதைராய்டு சாறையே கொடுத்துப் பார்த்தார். பலன் இல்ல. அப்புறம் கழுத்தைத் திறந்து கட்டியை எடுத்தார், நோயாளி தேறினார். (சில வருஷம் கழிச்சு நோய் திரும்ப வந்துச்சுங்கறதும் உண்மைதான்.) எது காரணம், எது விளைவுன்னு மாத்திப் புரிஞ்சுக்கிட்டா வைத்தியமே தலைகீழா ஆயிடும்.

கிட்னி கல்லுக்கு நம்ம ஏரியாவுல ஒரு தயார் காரணம் இருக்கு: போர் தண்ணி. அம்பத்தூர், ஆவடியில தண்ணி உப்புங்கறது உண்மை, பாத்திரத்துல வெள்ளையாப் படியறதையும் எல்லாரும் பார்த்திருக்கோம். ஆனா தண்ணியோட கடினத்தன்மைக்கும் கிட்னி கல்லுக்கும் நேரடித் தொடர்பு இருக்கான்னு பார்த்த ஆய்வுகள் ஒரே முடிவுக்கு வரல. தண்ணி குறைவாக் குடிக்கறதுதான் நிச்சயமான காரணம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில ஷெட்டுக்கு அடியில வேர்த்துக் கொட்ட நின்னு வேலை பார்க்கறவங்களுக்கும், பாத்ரூம் வசதி இல்லாத இடத்துல தண்ணியையே தவிர்க்கற பெண்களுக்கும் கல் வர்றதுக்கு அதுவே போதும். அதோட, கல் வர்ற நூறு பேர்ல மூணுல இருந்து அஞ்சு பேருக்குப் பின்னாடி பாராதைராய்டு இருக்கும்னு மருத்துவப் புத்தகங்கள் சொல்லுது. கேன் தண்ணிக்கு மாறியும் கல் திரும்ப வருதுன்னா தண்ணியைத் திட்டறதை நிறுத்திட்டு ரத்தத்தைப் பாருங்க. இன்னொண்ணு, கால்சியம் ஏறியிருக்குன்னு பாலையும் தயிரையும் அடியோட நிறுத்தறாங்க. வேண்டாம். சாப்பாட்டுல குறைச்சா அந்தச் சுரப்பி இன்னும் வேகமா எலும்பைத்தான் சுரண்டும்.

இதுவரைக்கும் கால்சியம் ஏறற கதை. இறங்கற கதையும் தைராய்டுக்காரங்களோடதுதான், இதுல தைராய்டு மந்தத்துக்கும் கால்சியம் குறைவுக்கும் காரணம் ஒண்ணே. கட்டிக்காகவோ புற்றுநோய்க்காகவோ தைராய்டை முழுசா எடுக்கும்போது, பின்னாடி ஒட்டியிருக்கற சுரப்பிகளுக்கு ரத்த ஓட்டம் குறையலாம், சில சமயம் அதுங்களும் சேர்ந்து போயிடலாம். பெரும்பாலானவங்களுக்குச் சில வாரத்துலயோ மாசத்துலயோ சரியாகும், சிலருக்கு நிரந்தரம். கால்சியம் இறங்கினதுக்கு அறிகுறி, வாயைச் சுத்தி மரமரப்பு, விரல் நுனியில ஊசி குத்தற மாதிரி, கை விரல் தானா சுருட்டி இழுக்கறது. பி.பி. பார்க்கப் பட்டையைக் கட்டி இறுக்கும்போது கை கூம்பிக்கிட்டு வந்தா அதுவே ஒரு அடையாளம், அன்னைக்கே டாக்டர்கிட்ட போகணும். கவனிக்காம விட்டா வலிப்பு வரலாம், கண்புரை வரலாம், மூளையில சுண்ணாம்பு படியலாம். வலிப்புன்னதும் நரம்பு மாத்திரை மட்டும் போட்டு வருஷக்கணக்கா ஓட்டறதுக்குள்ள, கழுத்துல ஆபரேஷன் தழும்பு இருக்கான்னு பார்த்துக் கால்சியத்தைக் கேட்டிருக்கலாம். இவங்களுக்குக் கால்சியமும் கால்சிட்ரியாலும் (வேலைக்குத் தயாரான வைட்டமின் டி) மருந்து. ஆனா அளவை நடு எண்ணுக்கு மேல ஏத்தறது குறிக்கோள் இல்ல. பி.டி.எச். இல்லாதப்ப கால்சியம் சிறுநீர்ல நழுவிக்கிட்டே இருக்கும், அதிகமாக் கொடுத்தா கிட்னியிலதான் போய்ச் சேரும். அதனால நார்மலோட கீழ்க்கோட்டை ஒட்டியே நிறுத்தி வைப்பாங்க. தினமும் வெறும் வயித்துல கேஸ் மாத்திரை போடற பழக்கமும் இங்க பிரச்னை. அது கால்சியம் கார்பனேட் சேர்றதைக் குறைக்கும், தைராய்டு மாத்திரை சேர்றதையும் குறைக்கும், ரொம்ப நாள் போட்டா மக்னீசியத்தையும் இறக்கும். மக்னீசியம் இறங்கினா மிச்சம் இருக்கற பாராதைராய்டும் படுத்துடும்.

கால்சியம் ஏறின பக்கம் உள்ளவங்களுக்கு ஆபரேஷன்தான் முழுத் தீர்வு. "வயசான காலத்துல கழுத்துல கத்தியா?"ங்கற பயம் புரியுது. எல்லாருக்கும் வேண்டாம், கண்காணிப்பும் ஒரு வழிதான். 50 வயசுக்குக் கீழ உள்ளவங்க, கால்சியம் மேல்கோட்டை விட 1-க்கு மேல தாண்டினவங்க, எலும்பு அடர்த்தி ரொம்பக் குறைஞ்சவங்க, கல் உள்ளவங்க, சிறுநீரகம் தளர்ந்தவங்க, இவங்களுக்குத்தான் செய்யச் சொல்றாங்க. (எலும்பு அடர்த்தி ஸ்கேன்ல இடுப்பையும் முதுகையும் மட்டும் பார்த்து அனுப்பினா, முன்கையையும் எடுங்கன்னு கேளுங்க. பி.டி.எச். அங்கதான் முதல்ல கை வைக்கும்.) ஆனா, ஆபரேஷனுக்கு முன்னாடி 24 மணி நேரச் சிறுநீர்ல கால்சியம் பார்த்தாங்களான்னு கேளுங்க. கால்சியத்தைக் கொஞ்சம் உயர்த்தியே வைக்கற ஒரு பரம்பரைத் தன்மை இருக்கு, அதுக்கு ஆபரேஷன் தேவையே இல்ல. தைராய்டும் வீங்கியிருந்தா ஸ்கேன் படிக்கறது கஷ்டமாகும், தைராய்டு கட்டியே பாராதைராய்டு கட்டி மாதிரி தெரியும். அதனால இதைப் பழகின கை வேணும். ஆவடியில மின்சார ரயில் ஏறினா சென்ட்ரல்ல இறங்கி ரோட்டைத் தாண்டினா ஜி.எச்., அங்க சென்னை மருத்துவக் கல்லூரியோட எண்டோகிரைன் சர்ஜரித் துறையே தனியா இருக்கு. அதே தண்டவாளத்துல மேற்கால போனா காட்பாடி, வேலூர் சி.எம்.சி.யிலயும் அப்படி ஒரு துறை உண்டு. கட்டியை எடுத்த பத்து நிமிஷத்துல பி.டி.எச். பாதிக்கு மேல இறங்குதான்னு மேசையிலயே பார்க்கற வசதி இருக்கான்னும் விசாரிக்கலாம். பி.டி.எச். ரத்தத்துல சில நிமிஷம்தான் தங்கும், அதனாலதான் இந்தச் சோதனை சாத்தியம்.

ஆபரேஷன் ஆனாலும் ஆகாட்டியும், ரெண்டு நோயையும் வெச்சுக் குடும்பம் நடத்தறதுல தினசரி சண்டை கடிகாரத்தோடதான். கால்சியமும் தைராக்ஸினும் (தைராய்டு மாத்திரை) வயித்துக்குள்ள சந்திச்சா ஒட்டிக்கும், தைராக்ஸின் உடம்புல சேராது. 2000-ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுல, 20 பேருக்கு தைராய்டு மாத்திரையோட சேர்த்து மூணு மாசம் கால்சியம் கார்பனேட் கொடுத்தாங்க. சராசரி டி.எஸ்.எச். 1.6-ல இருந்து 2.7-க்கு ஏறுச்சு, அஞ்சுல ஒருத்தருக்கு நார்மலையே தாண்டிடுச்சு. நிறுத்தினதும் பழையபடி இறங்கிடுச்சு. இது தெரியாம டி.எஸ்.எச். ஏறியிருக்கேன்னு மாத்திரையை 50-ல இருந்து 75 ஆக்கி, 75-ஐ 100 ஆக்கினா, கால்சியத்தை நிறுத்தற அன்னைக்கு தைராக்ஸின் அளவுக்கு மீறிப் போயிடும். அது தன் பங்குக்கு எலும்பைக் கரைக்கும். ஏற்கெனவே பாராதைராய்டு சுரண்டின எலும்பு அது. அதனால காலையில எழுந்ததும் தண்ணியோட தைராய்டு மாத்திரை, காபிக்கு ஒரு மணி நேரம் கழிச்சுதான் அனுமதி, கால்சியமும் இரும்புச் சத்தும் நாலு மணி நேரம் கழிச்சு மதியச் சாப்பாட்டோட.

அம்பத்தூர் எஸ்டேட்லயும் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகள்லயும் ஷிப்ட் பார்க்கறவங்களுக்கு "காலையில எழுந்ததும்"ங்கற அறிவுரையே பொருந்தாது. வாரத்துக்கு ஒரு விடியல் அவங்களுக்கு. அவங்க டாக்டர்கிட்ட தூங்கப் போற நேரத்து மாத்திரை பத்திக் கேக்கணும். 2010-ல வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வுல, தைராக்ஸினைத் தூங்கறதுக்கு முன்னாடி போட்டவங்களுக்கு டி.எஸ்.எச். இன்னும் நல்லாவே கட்டுப்பட்டுச்சு. சாப்பிட்டு மூணு மணி நேரம் ஆகியிருக்கணும், ராத்திரி கால்சியத்தை முன்னாடியே முடிச்சிருக்கணும், அவ்வளவுதான் நிபந்தனை. ஃபர்ஸ்ட் ஷிப்ட்டோ நைட் ஷிப்ட்டோ, தூக்கம்னு ஒண்ணு தினம் வந்துதானே ஆகணும், மாத்திரையை அதோட முடிச்சுப் போட்டுக்கலாம். நேரத்தை மாத்தின ஆறு வாரம் கழிச்சு டி.எஸ்.எச். எடுங்க, அதே ரத்தத்துல கால்சியத்தையும் அல்புமினையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்க.